சொல்லாமல் விட்ட நாட்கள்

கண்ணு,

போன வாரம் நீ அனுப்பிய மெயிலுக்கு இன்னும் பதில் வரவில்லையே என்று உனக்குக் கோபம் இருக்கும். எழுத உட்காராமல் இல்லை. உட்கார்ந்து, பாதியில் நிறுத்திவிட்டு, அடுப்படிக்கு எழுந்து போய்விட்டேன். நீ கேட்டது ஒரே வரிதான். "அம்மா, நான் எழுதுற கிளாஸ்ல இந்த ஒரு மெத்தடுக்கு டிஃபால்ட் குடுக்கவா, வேணாமா?" இத்தனை வருஷமாகப் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிற ஒருத்தி, குடு என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடியவில்லை. நீ ஆராய்ச்சிப் படிப்புக்காகக் கடல் தாண்டிப் போகிற நேரத்தில் அம்மாவிடம் கேட்கிற கடைசிப் பாடக் கேள்வியாக இது இருந்துவிடுமோ என்ற பயம் வேறு. உங்கப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அவ ஒரு வரி கேட்டா, நீ என்ன இத்தன பக்கம் எழுதிக்கிட்டு இருக்க?" என்றார். எனக்கே தெரியவில்லை என்றேன். இதை எங்கள் துறையின் ஆண்டு மலரிலும் போடலாம் என்று இருக்கிறேன். மாணவர்களும் வருஷா வருஷம் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகளையும் சில இடங்களில் விளக்கிச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

நீ இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது திருச்சியில் ஒரு பயிலரங்குக்குப் போய்வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஒரு பேராசிரியர் எல்லோருக்கும் ஒரு சிடியும் ஒரு கையேடும் கொடுத்தார். ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று பெயர் மட்டும் கேள்விப்பட்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. இதைச் செய், பிறகு அதைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு வரிசையாக ஆணை போடாமல், எது எதற்குச் சமம் என்று மட்டும் எழுதிவைப்பது. பஸ்ஸில் திரும்பி வரும்போது சமயபுரம் தாண்டுவதற்குள் கையேட்டில் பாதியைப் படித்துவிட்டேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாத பாதியில்தான் டைப் கிளாஸ் இருந்தது. வீட்டுக்கு வந்து உன்னையும் உட்காரவைத்துக்கொண்டு படித்தேன். நீ சீக்கிரம் பிடித்துக்கொண்டாய். "அம்மா, இதுல ஒண்ணுமில்ல. 'வண்டி'ன்னு பேர் வாங்கணும்னா, எப்பக் கிளம்புவ, எப்ப வந்து சேருவ, எந்தெந்த நாள் ஓடுவன்னு கேட்டா பதில் சொல்லத் தெரிஞ்சிருக்கணும். அந்தக் கேள்வி ஒவ்வொண்ணும் ஒரு மெத்தடு, எல்லாம் சேந்தா கிளாஸ். பஸ் ஒரு மாதிரி பதில் சொல்லும், ரயில் ஒரு மாதிரி பதில் சொல்லும்." வண்டி என்று நீ உதாரணம் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வாரம்தான் ஹாஸ்டல் வார்டன் என்னிடம் வந்து கேட்டிருந்தார்.

நம் ஊரில் ரயில் கிடையாது. ஹாஸ்டல் பெண்களுக்கு எங்கே போவதென்றாலும் பஸ்தான். ரயில் பிடிக்க வேண்டுமென்றால் அரியலூர் போக வேண்டும். லீவு விட்டால் வார்டன் அறை வாசலில் கூட்டம் நிற்கும்: எத்தனை மணிக்கு எது, எதைப் பிடித்தால் எது கிடைக்கும் என்று. "நீங்க கம்ப்யூட்டர்ல இதுக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்களேன் மேடம்" என்றார். எனக்கு ஒரே உற்சாகம். புதிதாகக் கற்றதை எங்காவது போட்டுப் பார்க்க வேண்டுமே. கிளாஸை நான் எழுதினேன். டவுன் பஸ், ரூட் பஸ், ரயில் என்று ஒவ்வொன்றுக்கும் பதில்களை எழுதும் வேலை உனக்கும் உன் பக்கத்து இருக்கைக்காரி முத்துலட்சுமிக்கும். உடையார்பாளையம் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருந்தவள், நம் வீட்டுக்கு வந்தால் நேராக அடுப்படிக்கு வந்து பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறவள். அவளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

டிஃபால்ட் என்பது இந்த இடத்தில்தான் வந்தது. கேள்வி கேட்டால் எல்லா வண்டியும் எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? யாரும் பதில் எழுதாவிட்டால் இதை எடுத்துக்கொள் என்று கிளாஸிலேயே ஒரு பதிலை எழுதிவைத்துவிடலாம். எழுதுகிறவருக்கு வேலை மிச்சம். சேரும் நேரத்தை யாரும் எழுதவில்லையா? கிளம்பும் நேரத்தோடு பயண நேரத்தைக் கூட்டிக்கொள். பயண நேரத்தை எழுதவில்லையா? சேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்துக்கொள். இரண்டில் ஒன்று இருந்தால் போதும், மற்றது தானாக வரும். எழுதி முடித்துவிட்டு நானே என்னை மெச்சிக்கொண்டேன். அப்புறம் நீ அரும்பாவூர் டவுன் பஸ்ஸைச் சேர்த்தாய். கிளம்பும் நேரம் மட்டும் எழுதினாய். மற்ற இரண்டும்தான் டிஃபால்ட்டில் இருக்கிறதே என்று விட்டுவிட்டாய். புரோகிராமை ஓட்டினோம். கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. விசிறி மட்டும் இரைந்தது. சேரும் நேரம் பயண நேரத்தைக் கேட்க, பயண நேரம் சேரும் நேரத்தைக் கேட்க, இரண்டும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் மெமரியில் இடம் போதவில்லை என்று ஒரு வரி வந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா, டூர் போறதுக்குக் கேட்டப்ப நீயும் அப்பாவும் இதத்தான் பண்ணீங்க. உங்கிட்ட வந்தா அப்பாவக் கேளுங்கற. அவருகிட்டப் போனா அம்மாவக் கேளுங்கறாரு. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து பஸ் கிளம்பிப் போயிருச்சு." முத்துவும் சேர்ந்து சிரித்தாள். உங்கப்பா மட்டும், "நான் கேளுன்னுதான சொன்னேன், வேணாம்னா சொன்னேன்?" என்று இன்றுவரைக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அது சிரிக்கிற மாதிரியான தப்பு. நின்று போனதால் தெரிந்தது. கிளாஸுக்கு மேலே 'இந்த இரண்டில் ஒன்றையாவது கட்டாயம் எழுதவும்' என்று ஒரு குறிப்பு எழுதிவைத்தோம், சரியாகிவிட்டது. நான் சொல்லவருவது இன்னொன்றை. ஓடும் நாட்களுக்கு நான் வைத்த டிஃபால்ட், தினமும். பஸ்ஸெல்லாம் தினமும்தானே ஓடுகிறது. பெரும்பாலான ரயிலும் அப்படித்தான். ரயிலுக்கு நீ நேரங்களை எழுதினாய், நாட்களை எழுதவில்லை. டிஃபால்ட் இருந்ததால், எழுதியதில் ஏதாவது விட்டுப்போனால் கேட்கிற கம்பைலரும் வாயைத் திறக்கவில்லை. முத்து சோதித்துப் பார்த்தாள், எல்லாம் சரியாகவே வந்தது. ஹாஸ்டல் ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் கொடுத்தோம். எந்த ஊர், எந்த நாள் என்று கொடுத்தால், சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழியை அச்சடித்துத் தரும். பெண்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சில மாதம் கழித்து முத்துவின் அப்பாவை இருதய ஆபரேஷனுக்காகச் சென்னையில் சேர்த்தார்கள். மதியத்துக்குள் தியேட்டருக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அதற்கு முன்னால் வந்து ஒருதடவை பார்த்துவிடு என்று அவள் அம்மா போன் பண்ணியிருந்தார். வேறு சமயமாக இருந்தால் முத்து யாரையும் கேட்டிருக்க மாட்டாள். நேரே ரோட்டுக்குப் போய்ச் சென்னை பஸ்ஸில் ஏறியிருப்பாள். அன்றைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்பதால் கம்ப்யூட்டரைக் கேட்டாள். அரியலூர் போய்க் காலை ரயிலைப் பிடி, பஸ்ஸைவிட முன்னால் போய்விடலாம் என்று அது சொன்னது. நாம் எழுதிய கணக்கு. ஓடுகிற நாளில் அது சரியான கணக்கும்கூட. விடிந்ததும் அரியலூர் பஸ்ஸில் கிளம்பினாள். அதே பஸ்ஸில் உங்கப்பா சிமெண்ட் ஆலைக்கு ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தனியாக விட மனசில்லாமல் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே போயிருக்கிறார்.

கவுண்ட்டரில் இருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "அந்த வண்டி இன்னைக்கிக் கெடையாதும்மா. வாரத்துல சில நாள்தான்" என்றாராம். முத்து கையிலிருந்த அச்சடித்த தாளைக் காட்டினாளாம். "இதுல இருக்கே சார்." அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரு குடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். உங்கப்பா அதைத் திருப்பி வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். அன்றைக்கு அவர் ஆலைக்குப் போகவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்த வழியே பெரம்பலூருக்குத் திரும்பி, பைபாஸில் நின்று, வந்த முதல் சென்னை பஸ்ஸை மறித்து, கண்டக்டரிடம் நிலைமையைச் சொல்லி ஏற்றிவிட்டார். பிறகு கல்லூரிக்கு வந்து என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "ஒங்க கம்ப்யூட்டர் சொல்லிச்சாம். வண்டி இல்ல. அந்தப் புள்ள அழுவக்கூட இல்ல, அதான் பயமா இருக்கு."

அவள் போய்ச் சேரும்போது அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆபரேஷன் முடிந்தது. மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது பக்கம் கை கால் விழுந்துவிட்டது, பேச்சு திரும்பவில்லை. அது யார் தப்பும் இல்லை, சிலருக்கு அப்படி ஆகிவிடுவது உண்டு என்று டாக்டர்கள் சொன்னார்கள். உள்ளே கொண்டுபோகும்வரை, "முத்து வந்துட்டாளா, முத்து வந்துட்டாளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அந்த மனிதர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

திரும்பி வந்த முத்து நேரே என் அறைக்கு வந்தாள். அவளும் நம் வீட்டுப் பிள்ளைதான். திட்டினால் திட்டட்டும் என்று நின்றேன். திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "தெரியலன்னா தெரியலன்னு போட்டுருக்கலாம்ல மேம்? நான் பாட்டுக்கு பஸ்ல போயிருப்பேன்." அன்றிலிருந்து அவள் உன்னிடம் பேசவில்லை. நீயும் அவளிடம் போகவில்லை. வீட்டில் நீ என்னிடம் கத்தினாய். "நீ ஏன் தினமும்னு வெச்ச? அது இல்லாம இருந்திருந்தா கம்பைலர் என்னைக் கேட்டிருக்குமே!" நானும் சும்மா இருக்கவில்லை. "ரயிலுக்கு எழுதுனவ நீ. நாள் என்னன்னு ஒருதடவ யோசிச்சியா?" உங்கப்பா இடையில் வந்து, "சோதிச்சுப் பாத்ததே அந்தப் புள்ளதான்னு சொல்லிறாதீங்க ரெண்டு பேரும்" என்றார். அதைச் சொல்லத்தான் நாம் இரண்டு பேரும் வாயெடுத்திருந்தோம் என்று நினைக்கிறேன். பதில் எழுதிவைத்தவள் தப்பா, அது போதுமென்று விட்டவள் தப்பா? இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் மற்றது தோன்றுகிறது.

முத்து கேட்டதை அப்படியே செய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தினமும் என்பதை எடுத்துவிட்டு, 'தெரியாது' என்பதையே டிஃபால்ட்டாக வைத்தேன். மறுவாரம் வார்டன் வந்தார். "மேடம், எதக் கேட்டாலும் தெரியாது தெரியாதுங்குது. தெரியாதுன்னு சொல்ல ஒரு கம்ப்யூட்டர் எதுக்குங்க?" யாருமே நாட்களை எழுதாததால் டவுன் பஸ்கூடத் தெரியாது என்று சொன்னது. பெண்கள் அந்தப் பக்கமே போகவில்லை. சரி, டிஃபால்ட்டே வேண்டாம், எழுதினால்தான் விடுவேன் என்று முழுவதுமாக எடுத்துவிட்டேன். இப்போது கம்பைலர் ஒவ்வொருவரையும் கேட்டது: நாள் எங்கே, நாள் எங்கே? உன் ஜூனியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் பஸ்ஸுக்கு 'தினமும்' என்று எழுதிவிட்டு, அந்த வரியை அப்படியே எடுத்து எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை. "கம்பைலர் கேட்டுச்சு மேம், அதான் போட்டோம்" என்றான் ஒரு பையன், கண்ணைச் சிமிட்டாமல். நான் வைத்திருந்தபோதாவது அது ஒரே இடத்தில் இருந்தது. இப்போது எல்லா இடத்திலும் இருந்தது, யாரோ யோசித்து எழுதின மாதிரி வேறு தெரிந்தது. எனக்கு அன்றைக்கு வந்த குழப்பம் இன்னும் போகவில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவள் நீதான். டிஃபால்ட் இருக்கட்டும், ஆனால் பதிலோடு அது எங்கிருந்து வந்தது என்பதும் வரட்டும் என்றாய். 'விசாரித்து எழுதியது' என்று ஒன்று, 'நாங்களாக வைத்துக்கொண்டது' என்று ஒன்று. அதற்காக முழுவதையும் பிரித்து மறுபடி எழுதினாய். அதோடு விடாமல் அரியலூருக்கு பஸ் ஏறிப் போய், அந்தக் கவுண்ட்டரில் நின்று, ஒவ்வொரு வண்டிக்கும் நாள் கேட்டுக்கொண்டு வந்தாய். அதை முத்துவுக்குக் காட்ட வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தது, எனக்குத் தெரியும். லேபில் அவள் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டருக்கு இரண்டு கம்ப்யூட்டர் தள்ளி அதை ஓடவிட்டு, அவள் பார்ப்பாளா என்று நின்றுகொண்டிருந்தாய். அவள் தலை நிமிரவில்லை. நீ அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாய். நீ போன பிறகு அவள் எழுந்து வந்து, அணைத்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதை உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று அன்றைக்குத் தெரியவில்லை. சொல்லவில்லை. அப்புறம் படிப்பு முடிந்து நீ சென்னைக்கு வேலைக்குப் போனாய், அவள் தாம்பரத்துக்குக் கல்யாணமாகிப் போனாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். ரொம்ப நாள் எனக்குள் ஒரு விதி வைத்திருந்தேன். மற்ற பதில்களிலிருந்து கணக்குப் போட்டு எடுக்க முடிந்தால் டிஃபால்ட் கொடு. வெளியே போய்க் கேட்டால்தான் தெரியும் என்றால் கொடுக்காதே. சேரும் நேரத்தைக் கூட்டி எடுத்துவிடலாம், ஓடும் நாளை அப்படி எடுக்க முடியாது. வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் எழுதிக்கொள்வார்கள், எனக்கும் நிம்மதியாக இருக்கும். இப்போது நீ அனுப்பியிருக்கிற மெத்தட் அந்த விதியையும் கலைத்துவிட்டது. பல மதிப்புகளை ஒரேயடியாகச் சேர்ப்பது. ஒவ்வொன்றாகச் சேர்த்தாலே சரியான விடை வரும், மெதுவாக வரும். அதனால் டிஃபால்ட் கொடுக்கலாம். ஆனால் வேகம் வேண்டுமென்று ஒருவர் தன் வழியில் மாற்றி எழுதினால், அவர் விடையும் டிஃபால்ட்டின் விடையும் ஒன்றுதான் என்று யார் பார்ப்பது? கம்பைலர் பார்க்காது. எழுதினவர் வார்த்தையை நம்ப வேண்டும். அப்படி நம்பலாமா? நம்பாவிட்டால் யாருக்கும் எதையும் மாற்ற உரிமை கொடுக்காமல் இருக்க வேண்டுமே, அது நியாயமா? கொடு என்று எழுதினேன், அடித்தேன். கொடுக்காதே என்று எழுதினேன், அதையும் அடித்தேன். 'இதை மாற்றுகிறவர்கள் எதைக் காப்பாற்ற வேண்டும்' என்று தெளிவாக மேலே எழுதிவை என்பது மட்டும்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. அதைப் படிப்பார்களா என்று கேட்காதே. போகிற ஊரில் உனக்குப் பெரிய பெரிய ஆட்கள் கிடைப்பார்கள். அவர்களிடம் கேட்டு, எனக்கும் எழுது.

குளிருக்கு என்ன வாங்குவது, என்ன சாப்பிடுவாய் என்றெல்லாம் சொல்லலாம் என்று பார்த்தால் அதிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்கப்பா ஒரு கம்பளியை எடுத்துவைக்கிறார், எடை கூடிவிடும் என்று வெளியே எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். இதையும் டிஃபால்ட்டோடு சேர்த்து ஏதாவது சொல்வேன் என்று நீ காத்திருப்பாய். "எல்லாத்தையும் அதோட கொண்டுபோய்ச் சேக்காதம்மா" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! சேர்க்கவில்லை.

இன்னொன்று. ஆண்டு மலரில் பெயர் போட்டு எழுதுவதென்றால் முத்துவைக் கேட்காமல் எழுதக் கூடாதல்லவா? அவள் அம்மாவிடம் நம்பர் வாங்கி நேற்று போன் பண்ணினேன். "மேம்!" என்று அதே குரல். எழுதுங்க மேம், எல்லாத்தையும் எழுதுங்க என்றாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "நல்லாருக்காரு மேம். கைய ஆட்டுறதுலயே எனக்குப் புரிஞ்சிரும். இப்ப எம்பொண்ணுக்கும் புரியுது" என்றாள். அப்புறம், "அவ என்னைக்கிக் கிளம்புறா?" என்று கேட்டாள். நாளும் நேரமும் சொன்னேன். "நான் ஏர்போர்ட்டுக்கு வரேன் மேம். அவகிட்ட சொல்லிராதீங்க" என்றாள்.

சொல்லிவிட்டேன். நல்லதா கெட்டதா, தெரியவில்லை. எதற்கு வருகிறாள், கோபம் போய்விட்டதா, இல்லை அதைச் சொல்லத்தான் வருகிறாளா, எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. இடுப்பில் குழந்தையோடு வருவாள், அடையாளம் தெரியாமல் போய்விடப் போகிறது. பெட்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அவளைப் பார்த்ததும் நீ போ. அவள் என்ன நினைப்பாளோ என்று நிற்காதே. போய் முதலில் நீ பேசு.

அம்மா